வணிகன் மகனும் பிறர் மக்களும்: இப்சன், மில்லர் ஆகியோரின் இரு நாடகங்கள்

தன் இலாபத்தின் பொருட்டுப் பிறர் உயிரை இடருக்குள்ளாக்குதல் தகுமோ என்று எவரை வினவினும், தகாது என்றே விடை வரும். அவ்வாறு விடை கூறுவோருள் முதல்வராய் நிற்பவர் கொன்சல் பேர்னிக் என்பதே ஹென்றிக் இப்சன் 1877ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சமூகத்தின் தூண்கள்' என்னும் நாடகத்தின் உயிர்நிலை. எழுபது ஆண்டுகள் கழித்து, 1947 ஜனவரி 29ஆம் நாள் நியூயோர்க்கில் மேடையேறிய ஆதர் மில்லரின் 'எல்லோரும் என் மைந்தரே' என்னும் நாடகமும் இதே வினாவைத் தொடுகின்றது. முன்னதிற் பழுதுற்ற கப்பல்; பின்னதிற் பழுதுற்ற விமான உறுப்பு. இரண்டிலும் பழுதை அறிந்தே வெளியே அனுப்புகிறவன் ஊராரால் மதிக்கப்படும் ஒரு தொழிலதிபன். இரண்டிலும் அவன் ஒரு தந்தை. இவ்விறுதிச் செய்தி தற்செயலாய் அமைந்ததன்று. நாடகாசிரியர் இருவரும் தம் வாதத்தின் பாரம் முழுவதையும் அதன்மீதே ஏற்றியுள்ளனர். அப்பாரத்தை அது தாங்குமா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆசிரியர் இருவரைப் பற்றியும் ஈண்டு ஒன்று கூறவேண்டும். இருவரும் நொடித்துப்போன வணிகர்களின் புதல்வர்கள். இப்சனின் தந்தை நோர்வேயின் ஷியன் நகரிற் செல்வாக்குடன் வாழ்ந்த வணிகர். மகன் சிறுவனாயிருந்த காலத்திலேயே அவர் வாணிகம் முறிந்தது. மில்லரின் தந்தை நியூயோர்க்கில் மகளிர் மேலங்கி செய்து விற்ற உற்பத்தியாளர். 1929ஆம் ஆண்டின் பங்குச்சந்தை வீழ்ச்சி அவரை வீழ்த்தியபோது மில்லருக்கு வயது பதினான்கு. ஆதலின், இலாபம் என்பதை வெளியே நின்று பழிக்கும் துறவியரின் குரல் இந்நாடகங்களிற் கேட்பதில்லை. இலாபம் வராதபோது ஒரு வீட்டின் உணவு மேசையில் என்ன நிகழும் என்பதை அறிந்தவர்கள் எழுதியவை இவை. அவர்கள் படைத்த முதலாளிகள் கொடியவர்களாயன்றி அஞ்சுகின்றவர்களாய்த் தோன்றுவதற்குக் காரணமும் அதுவே எனலாம்.

'சமூகத்தின் தூண்கள்' நாடகத்தின் முதற் காட்சி மிக நுட்பமானது. பேர்னிக்கின் இல்லத்து மண்டபத்தில் ஊர்ப் பெருமாட்டிகள் கூடியிருந்து, நெறிதவறியோரை மீட்பதற்கென நிறுவிய சங்கத்துக்காகத் துணி தைத்துக்கொண்டிருக்கின்றனர். ஆசிரியராகிய ரோர்லுண்ட் நல்லொழுக்க நூலொன்றை அவர்களுக்குப் படித்துக் காட்டுகின்றார். வீட்டின் ஒருபுறத்தில் இவ்வறப்பணி நடந்துகொண்டிருக்க, மறுபுறத்தே கொன்சலின் அறையில் புகையிரதப் பாதை ஒன்றைப் பற்றிய இரகசியப் பேச்சு நடைபெறுகின்றது. அவ்வூருக்கு வரவிருக்கும் பாதையின் அருகேயுள்ள காடுகளையும் சுரங்கங்களையும் நீர்வீழ்ச்சிகளையும் பேர்னிக் முன்கூட்டியே தன் பேரில் மறைவாக வாங்கிவிட்டான். கம்பனிகளின் சமூகப் பொறுப்பு என இன்று நாம் வழங்கும் தொடர் அன்று பிறக்கவில்லை. ஆயினும் அத்தொடரால் இன்று நிகழும் பலவற்றின் சித்திரம், அந்தத் தையற் கூட்டத்திலும் அதற்கு அடுத்த அறையிலும் முன்னரே தீட்டப்பட்டுவிட்டது.

இந்நிலையில் ஒரு தந்தி வருகின்றது. பேர்னிக்கின் பட்டறையிற் பழுது பார்க்கப்படும் 'இந்தியன் கேர்ல்' என்னும் அமெரிக்கக் கப்பலின் உரிமையாளர் அனுப்பியது அது. இயன்றவரை குறைந்த வேலை செய்து, மிதக்கும் நிலை வந்ததும் அனுப்பிவிடுக. இடர் வரினும் ஏற்றிய சரக்கே கப்பலை மிதக்கச் செய்யும் என்பது அதன் சாரம். அந்தச் சரக்கோடு கப்பல் கல்லைப்போல அமிழும் என்பது கடலறிந்த எவர்க்கும் தெரியும். மண்டபத்தில் இருந்தோர் அனைவரும் வெகுளுகின்றனர். பெருநாடுகளில் மனித உயிர்க்கு மதிப்பில்லை, நம் சிற்றூரிலன்றோ அறம் நிலைபெற்றுள்ளது என்று பெருமிதம் கொள்ளுகின்றனர். நாடகத்தின் எஞ்சிய மூன்று அங்கங்களும், அதே தந்தியின் கட்டளையை அதே பேர்னிக் தன் கையாலேயே நிறைவேற்றும் வழியைப் படிப்படியாகக் காட்டுவனவே.

அவ்வழியில் முதற்படி பணமன்று என்பது கருதத்தக்கது. துறைமுகத்திலே தங்கியிருக்கும் அமெரிக்க மாலுமிகள் குடித்துக் கூச்சலிடுகின்றனர். பேர்னிக் தன் சொந்தக் கப்பலாகிய 'பாம் ட்ரீ'யை முதலிற் செப்பனிட்டு, அயலார் கப்பலைத் தாழ்த்துகின்றான் என்று பத்திரிகைகள் குறைகூறுகின்றன. புகையிரதத் திட்டம் கைகூடுவதற்கு ஊரின் நல்லெண்ணம் வேண்டும். எனவே குறித்த நாளிற் கப்பல் புறப்பட்டே ஆகவேண்டும், இன்றேல் வேலையை விட்டு நீங்குக என்று பட்டறை மேற்பார்வையாளனாகிய அவுனேயை அவன் அச்சுறுத்துகின்றான். அவுனே தலைமுறையாக அப்பட்டறையில் உழைத்தவன். புது இயந்திரங்கள் தொழிலாளர் உணவைப் பறிக்கும் என்று தோழர்களிடம் பேசிவந்தவன். வேலை போயின் தன் வீட்டில் தன் மதிப்பும் போய்விடும் என்று நடுங்குபவன். அவன் பணிகின்றான். அழுகிய அடிப்பலகை மேலுக்கு அடைக்கப்படுகின்றது. நற்பெயரைக் காத்தற்பொருட்டே ஓட்டைக் கப்பல் கடலுக்கு ஆயத்தமாகின்றது என்பதை இப்சன் எத்தகைய ஆரவாரமும் இன்றிச் சொல்லிவிடுகின்றார். நற்பெயர் வேறு, நற்செயல் வேறு என்பதை இதனினும் தெளிவாக ஒரு நாடகம் உணர்த்தல் அரிது.

கிராப் என்னும் எழுத்தர் கப்பலின் அடியைத் தாமே பார்த்துவந்து முதலாளியிடம் உண்மையைக் கூறுகின்றார். இப்போது பேர்னிக்குக்கு எல்லாம் தெரியும். அவன் என்ன செய்கின்றான்? ஆசிரியர் ரோர்லுண்டிடம் ஒரு வினாவை எழுப்புகின்றான். பொது நலத்துக்கான பெரும் பாதையொன்றை அமைக்குமிடத்து, வெடிமருந்துக்குத் தீயிடுபவன் இறத்தல் உறுதி என்று தெரிந்தும் ஒருவனை அனுப்பலாமா என்பது அவ்வினாவின் பொருள். அனுமதி தேடும் வினா அது. அதன்பின், தன் பழைய பழியைச் சுமந்து அமெரிக்கா சென்றிருந்தவனும் இப்போது உண்மையை வெளியிட முனைபவனுமாகிய மைத்துனன் யோகான் அக்கப்பலிலேயே செல்லவிருக்கின்றான் என்று அறிந்ததும், பேர்னிக் வாய் திறவாதிருக்கின்றான். கொலை செய்வதற்கு அவன் ஒரு சொல்லும் கூற வேண்டியிருக்கவில்லை. கூறாதிருந்தாலே போதும்.

நாடகம் இங்கே முடிந்திருக்குமாயின் அது வேறொரு நாடகமாய் இருந்திருக்கும். யோகான் கடைசி நேரத்தில் 'பாம் ட்ரீ'யில் ஏறிவிடுகின்றான். பேர்னிக்கின் ஒரே மகனாகிய சிறுவன் ஓலாப் வீட்டை விட்டோடி 'இந்தியன் கேர்லி'ல் ஒளிந்துகொள்ளுகின்றான். வெளியே ஊர்மக்கள் தீவட்டிகளோடு முதலாளியைப் பாராட்ட ஊர்வலமாய் வருகின்றனர். உள்ளே அவன் தன் மகனைத் தானே கடலுக்குக் கொடுத்துவிட்டதாகக் கலங்குகின்றான். பின்னர் மகன் மீட்கப்படுகின்றான். தந்தை ஊரவர் முன் தன் குற்றங்களை ஒப்புக்கொள்ளுகின்றான். காட்சி உருக்கமானதே. ஆயினும் அவன் ஒப்புக்கொண்டவை எவை என்று நிதானமாக எண்ணிப் பார்த்தல் வேண்டும். மறைவாக நிலம் வாங்கியது ஒன்று. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தன் பழியை யோகான்மீது சுமத்தியது மற்றொன்று. கப்பலைப் பற்றி அக்கூட்டத்தார் ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஓட்டை எனத் தெரிந்தே மாலுமிகளை அனுப்பத் துணிந்த செய்தி வீட்டுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றது. இதனை இப்சனின் சோர்வு எனக் கூறுவாரும் உளர். யான் அவ்வாறு கருதவில்லை. நிலத்தைப் பற்றியும் பழைய காதலைப் பற்றியும் ஒரு முதலாளி பகிரங்கமாக வருந்தலாம். அதனால் அவன் மதிப்பு உயர்தலுங் கூடும். கப்பலைப் பற்றி வருந்தினால் அவன் நீதிமன்றத்துக்குச் செல்ல நேரும். பாவமன்னிப்பிலும் கணக்குப் பார்க்கும் வணிகனை இப்சன் அறிந்தே படைத்தார் என்றே எண்ணத் தோன்றுகின்றது.

இந்நாடகம் எழுதப்பட்ட ஆண்டுகளிற் பிரித்தானியாவில் நிகழ்ந்த ஒரு போராட்டத்தை இங்கே நினைவுகூர்தல் பொருந்தும். மிகைச்சுமை ஏற்றிய பழங்கப்பல்கள், அமிழ்ந்தாலும் காப்புறுதிப் பணத்தால் உரிமையாளர்க்கு இழப்பின்றிக் கடலிற் செலுத்தப்பட்டன. மாலுமிகள் அவற்றைச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்றனர். டார்பித் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகிய சாமுவேல் பிளிம்சோல் 1873இல் இதுபற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1875இல் அரசு சட்டமூலத்தைக் கைவிட முற்பட்டபோது, சபை மரபை மறந்து வெகுண்டெழுந்து, கப்பலுடைமையாளரான உறுப்பினர்களைச் சாடினார். அடுத்த ஆண்டு நிறைவேறிய சட்டம், கப்பலின் பக்கத்தே சுமைக்கோடு ஒன்று வரையப்படல் வேண்டும் என விதித்தது. ஆனால் அக்கோட்டை எவ்வுயரத்தில் வரைவது என்பதைக் கப்பலின் உரிமையாளரே தீர்மானிக்கலாம் என்றும் விட்டுவிட்டது! கார்டிப் துறைமுகத்தில் ஒரு கப்பற்றலைவன் அதனைப் புகைபோக்கியின்மேல் வரைந்துவைத்தான் என ஒரு கதை வழங்குகின்றது. கோட்டின் இடத்தை உரிமையாளரின் கையினின்றும் பறித்தது 1890ஆம் ஆண்டுச் சட்டமே. இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளிற் கோடு இருந்தது. ஆனால் கட்டுப்பாடு இருந்ததில்லை. இக்கோட்டை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்வாராக. பின்னர் இதற்குத் திரும்புவோம்.

மில்லரின் நாடகம் இரண்டாம் உலகப் போரின் நிழலில் எழுந்தது. ஒகையோ மாநிலத்து லொக்லண்ட் என்னுமிடத்தில் இயங்கிய ரைற் விமானப்பொறித் தொழிற்சாலையிற் பழுதுள்ள பொறிகளும் உறுப்புகளும் இராணுவப் பரிசோதகரின் இணக்கத்துடன் ஏற்றுக்கொள்ளப்பட்டமையை, செனற்றர் ட்ரூமன் தலைமையிலான விசாரணைக் குழு 1943இல் அம்பலப்படுத்தியது. பின்னாளில் மில்லர் தம் நாடகத் தொகுதிக்கு எழுதிய முன்னுரையில் வேறொரு வித்தையும் குறிப்பிடுகின்றார். இராணுவத்துக்குப் பழுதான இயந்திரங்களை விற்ற ஒரு தந்தையை அவர் மகளே அதிகாரிகளிடம் காட்டிக்கொடுத்த செய்தியை, நடுமேற்கு மாநிலத்துப் பெண்மணி ஒருவர் அவருக்குக் கூறினாராம். கதையைக் கேட்டு முடிப்பதற்குள்ளேயே மகளை மகனாக மாற்றிவிட்டதாக மில்லர் எழுதுகின்றார்.

ஏன் மாற்றினார்? விடை நாடகத்திலேயே உள்ளது. ஜோ கெலர் தன் தொழிலை மகனுக்கென்றே வளர்த்தவன். காட்டிக்கொடுப்பவனும் சொத்தைப் பெறுபவனும் ஒருவனே ஆகும்போதுதான், உனக்காகவே செய்தேன் என்னும் தந்தையின் வாதம் முழு வலிமையோடு எழுகின்றது. உடைந்து போவதற்கும் வழி பிறக்கின்றது.

நிகழ்ச்சி மிக எளியது. பி-40 விமானங்களுக்கென வார்க்கப்பட்ட உருளைத் தலைகள் ஒரு நாள் வெடிப்புகளோடு வெளிவருகின்றன. இராணுவம் விரைவுபடுத்துகின்றது. பங்காளி டீவர் தொலைபேசியில் அழைத்துக் கேட்கின்றான். வெடிப்பை மறைத்து அனுப்பிவிடு, பொறுப்பு என்னுடையது என்கிறான் கெலர்; காய்ச்சல் என்று சொல்லித் தான் தொழிற்சாலைக்குச் செல்லாதிருக்கின்றான். இருபத்தொரு விமானிகள் மடிகின்றனர். தொலைபேசிப் பேச்சுக்குச் சான்றில்லை. நீதிமன்றத்தில் கெலர் மறுத்துவிடுகின்றான். டீவர் சிறையில், கெலர் விடுதலை. மூன்றரை ஆண்டுகளுக்குப் பின், பேச்சுவாக்கில் மனைவி கேற் தன் கணவன் பதினைந்து ஆண்டுகளாக நோய்வாய்ப்பட்டதேயில்லை என்று பெருமையாகச் சொல்லிவிடும் அந்த ஒரு கணத்தில் முழுப் பொய்யும் சரிகின்றது. இந்த இடத்தை வாசிக்குந்தோறும் மில்லரின் கைவன்மை வியப்பூட்டுகின்றது. எந்தத் துப்பறிவாளனும் கண்டுபிடிக்காததை இல்லறத்தின் நிறைவே காட்டிக்கொடுத்துவிடுகின்றது.

கெலரின் எதிர்வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. வெடித்த உறுப்புகளோடு ஒரு நாள் நின்றுவிட்டால் ஒப்பந்தத்தைக் கிழித்தெறிவார்கள். நாற்பது ஆண்டு உழைப்பு ஐந்து நிமிடத்திற் போய்விடும் என்கின்றான். போர்க்காலத்தில் எவன் இலாபமின்றிக் கொடுத்தான், நான் சிறைக்குப் போகவேண்டுமாயின் நாட்டிற் பாதிப்பேர் போகவேண்டும் என்றும் கேட்கின்றான். மகன் கிறிஸ் இதற்கு விடை கூறுவதில்லை, கோபிக்கின்றான். அறவுணர்ச்சி மிக்க அம்மகனும் தந்தையின் பணத்திலேயே வாழ்ந்தவன், ஐயம் இருந்தும் கேளாதிருந்தவன் என்பதை மில்லர் மறைக்காததே நாடகத்தின் பெருஞ் சிறப்பு.

ஆனால் முடிவு? காணாமற்போன இளைய மகன் லாரி, தந்தையின் செயலைப் பத்திரிகையில் அறிந்து நாணி, தன் விமானத்தோடு தானே மாளத் துணிந்தமையை எழுதிய கடிதம், அவன் காதலியாயிருந்த ஆனின் கைவசம் உள்ளது. மூன்றாம் அங்கம்வரை அதனை அவள் வெளியே எடுப்பதில்லை. வேண்டிய வேளையில் வெளிவரும் கடிதம் பழைய மெலோடிராமாக்களின் கருவி. மில்லர் போன்றோர்க்கு அது சிறப்பன்று. அக்கடிதத்தைப் படித்தபின்னரே, மாண்ட விமானிகள் அனைவரும் தன் பிள்ளைகளே எனக் கெலர் உணர்கின்றான். உள்ளே சென்று தன்னைச் சுட்டு மாய்கின்றான். நாடகத்தின் தலைப்பு அவ்வுணர்ச்சியிலிருந்தே பிறந்தது.

இப்போது இரு நாடகங்களையும் அருகருகே வைத்து நோக்குவோமாக. பேர்னிக் தன் செயல் ஊருக்காக என்கின்றான். கெலர் மகனுக்காக என்கின்றான். தனக்காக என்று கூறும் முதலாளியை இரண்டிலும் காணோம். இலாபத்தின் நெருக்குதல் எப்போதும் மற்றொருவர் பெயரிலேயே பேசும் என்பது இந்நாடகங்களின் ஆழமான கண்டுபிடிப்பு. பேராசை என்பதைக் கண்டிப்பது எளிது; கடமையின் வேடத்தில் வருவதைக் கண்டிப்பது எவ்வாறு? நாடகாசிரியர் இருவரும் ஒரே விடையைத் தந்தனர்: கடமையின் இலக்காகிய மகனையே அக்கப்பலில் ஏற்று. அப்போது வேடம் தானாகக் கழன்றுவிடும்.

பழைய பட்டினப்பாலையும் வணிகரைப் போற்றுகின்றது. கொள்வதில் மிகை கொள்ளாமலும் கொடுப்பதிற் குறை கொடாமலும், பிறர் பொருளையும் தம்முடையதுபோற் பேணி வாழ்ந்த காவிரிப்பூம்பட்டினத்தாரை அது காட்டுகின்றது. வள்ளுவரும் நடுவுநிலைமை கூறும் அதிகாரத்தின் ஈற்றில் வணிகரையே நினைக்கின்றார். அவ்வறம், துலாக்கோலைத் தன் கையாற் பிடித்து, வாங்குவோனைத் தன் கண்ணாற் கண்ட வணிகனுக்கு உரியது. பேர்னிக்கும் கெலரும் இன்னும் அத்தகைய வணிகரே. பட்டறை அவர்கள் வீட்டருகே உள்ளது, மகன் பக்கத்து அறையில் உறங்குகின்றான். துலாக்கோலைப் பிடிக்கும் கை யாருடையது என்றே தெரியாத இடத்தில் நிலைமை என்ன?

இன்றைய பெருங் கம்பனிக்கு மகன் இல்லை, பங்காளர்களே உண்டு. 1919ஆம் ஆண்டு மிச்சிகன் மாநில உயர்நீதிமன்றத்தில் முடிவுற்ற வழக்கொன்று இதனைத் தெளிவாக்கும். மோட்டார் வண்டிகளின் விலையைக் குறைத்து, தொழிலைப் பெருக்கி, மிகுந்தோர் பயன்பெறச் செய்யவேண்டும் எனக் கூறிய ஹென்றி போர்ட் பங்காளர்க்குச் சிறப்புப் பங்கிலாபம் கொடுக்க மறுத்தார். பத்திலொரு பங்குக்கு உரியவரான டொட்ஜ் சகோதரர் வழக்குத் தொடுத்தனர். வணிகக் கூட்டு முதன்மையாகப் பங்காளர் இலாபத்துக்கென அமைவது என்று கூறிய நீதிமன்றம், ஏறத்தாழ 1 கோடி 93 இலட்சம் டொலரைப் பங்கிடுமாறு கட்டளையிட்டது. போர்ட்டின் உள்நோக்கம் தூயதன்று, டொட்ஜ் சகோதரர் போட்டித் தொழில் நடத்தியதே உண்மைக் காரணம் என்பாரும் உளர். அது நிற்க. பணிப்பாளர் பிறருக்காகவே இலாபம் ஈட்டுகின்றனர் என்னும் கருத்து அன்று சட்டத்தின் குரலிலேயே ஒலித்தது.

1970 செப்டெம்பரில் நியூயோர்க் டைம்ஸ் சஞ்சிகையிற் பொருளியலறிஞர் மில்டன் பிரீட்மன் எழுதிய கட்டுரை இக்கருத்துக்குக் கூர்மை ஏற்றியது. பணிப்பாளன் பங்காளரின் ஊழியன். அவன் தன் விருப்பப்படி தருமஞ் செய்வதாயின் பிறர் பணத்தையே செலவிடுகின்றான். விதிகளுக்குட்பட்டு, வஞ்சகமும் மோசடியும் இன்றி இலாபத்தைப் பெருக்குவதே தொழிலின் சமூகப் பொறுப்பு என்றார் அவர். அவருடைய வாதத்தில் ஒரு பகுதி உண்மை. சமூகப் பொறுப்பு என்னும் போர்வையிற் கம்பனிகள் தம் நலத்தையே பேணுகின்றன என்று அவர் எள்ளி நகையாடியபோது, இப்சனின் தையற் கூட்டத்தை அவரும் கண்டிருந்தார் என்று சொல்லலாம். ஆனால் அவருடைய வாதம் முழுவதும் ஒரு சிறு தூணின்மீது நிற்கின்றது: விளையாட்டின் விதிகள். விதிகளை வேறொருவர் வகுத்துக் காப்பார் என்று அவர் கொண்டார். சுமைக்கோட்டைத் தானே வரையும் உரிமையாளனை அவர் போதிய அளவு எண்ணிப் பார்த்தாரில்லை.

மில்லரின் கற்பனையை வரலாறு மீண்டும் நடித்துக்காட்டிய நிகழ்ச்சி நம் காலத்திலேயே உண்டு. 2018 ஒக்டோபர் 29ஆம் நாள் இந்தோனேசியாவின் லயன் எயார் விமானம் ஜாவாக் கடலில் வீழ்ந்து 189 பேர் மாண்டனர். 2019 மார்ச் 10ஆம் நாள் எத்தியோப்பிய விமானம் வீழ்ந்து 157 பேர் மாண்டனர். இரண்டும் போயிங் 737 மாக்ஸ் வகையின. போட்டிக் கம்பனியாகிய எயார்பஸ் எரிபொருள் குறைவாகக் குடிக்கும் விமானத்தை அறிவித்துவிட்டமையால், போயிங் 2011இல் புதிய விமானம் வகுக்காது பழைய 737இலேயே பெரிய பொறிகளைப் பொருத்த முற்பட்டது. பொறிகளின் இடமாற்றம் விமானத்தின் போக்கை மாற்றியது. அதனைச் சரிக்கட்ட, மூக்கைத் தானாகக் கீழே அழுத்தும் கணினி ஏற்பாடொன்று சேர்க்கப்பட்டது. அவ்வேற்பாடு ஒரேயோர் உணரியின் அளவீட்டை நம்பி இயங்கியது. அவ்வுணரி பிழைத்தால் விமானமும் பிழைத்தது. விமானிகளின் கைந்நூலில் அது குறிக்கப்படவேயில்லை. விமானத்தைப் போலவே அமைந்த பாவனைப் பொறியில் விமானிகள் புதிதாகப் பயில வேண்டிவந்தால் விற்பனை குன்றும். ஒரு விமானச் சேவைக்கு, அத்தகைய பயிற்சி வேண்டப்படின் விமானம் ஒன்றுக்குப் பத்து இலட்சம் டொலர் கழித்துத் தருவதாகவே வாக்களிக்கப்பட்டிருந்தது. 2013 முதல் 2019 வரை தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கிப் பங்குவிலையைப் பேணுதற்கு அக்கம்பனி செலவிட்ட தொகை 4,000 கோடி டொலருக்கும் மேற்பட்டது.

சுமைக்கோட்டுக்கு இங்கே திரும்புவோம். விமானத்தின் பாதுகாப்பைச் சான்றுப்படுத்தும் வேலையிற் பெரும் பகுதியை, அமெரிக்க அரசின் விமானப் போக்குவரத்து அதிகாரசபை கம்பனியின் ஊழியர்களிடமே ஒப்படைத்திருந்தது. அவ்வேற்பாட்டின் குறைகளை 2020 செப்டெம்பரில் வெளிவந்த அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக் குழுவின் அறிக்கை விரிவாக எடுத்துரைத்தது. 1876ஆம் ஆண்டுச் சட்டம் மீண்டும் உயிர்பெற்றதுபோன்ற நிலை அது.

எனினும் இவ்வரலாற்றில் என்னை மிகவும் தடுத்து நிறுத்துவது வேறொன்று. 2020 ஜனவரியில் வெளியிடப்பட்ட கம்பனியின் உட்கடிதங்களிடையே, முதல் விபத்துக்கு எட்டு மாதங்களுக்கு முன் ஊழியர் இருவர் பரிமாறிய ஒரு செய்தி உண்டு. இந்தப் பாவனைப் பொறியிற் பயின்றவர் செலுத்தும் மாக்ஸ் விமானத்தில் உன் குடும்பத்தை ஏற்றுவாயா, நான் ஏற்றேன் என்று ஒருவர் எழுத, இல்லை என்று மற்றவர் விடை பகர்ந்தார். இப்சனும் மில்லரும் நாடகத்தின் இறுதிவரை காத்திருந்து, புயலையும் கடிதத்தையும் துணைக்கழைத்து எழுப்பிய வினா, இங்கே சாதாரண ஒரு வேலைநாளில் இரு ஊழியரிடையே எளிதாக எழுந்து, எளிதாக விடையும் பெற்றது. விடை பெற்றபின் ஒன்றும் நிகழவில்லை. மகனைக் கப்பலில் ஏற்றிக் காட்டினாற் போதும், அறிவு பிறந்துவிடும், அறிவு பிறந்தால் கப்பல் நின்றுவிடும் என நாடகாசிரியர் இருவரும் நம்பினர். அறிவு பிறந்தும் கப்பல் புறப்படக்கூடும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. இரு நாடகங்களுக்கும் பொதுவான குறை என்று நான் காண்பது இதுவே.

2021 ஜனவரியில் அமெரிக்க நீதித் திணைக்களத்துடன் செய்த உடன்பாட்டின்படி போயிங் 250 கோடி டொலருக்கு மேற்பட்ட தொகைக்கு இணங்கியது. அதில் 50 கோடி மாண்டோர் குடும்பங்களுக்கென ஒதுக்கப்பட்டது. கெலர் சுட்டு மாய்ந்தான். கம்பனிக்குத் தன்னைச் சுட்டுக்கொள்ளும் கை இல்லை.

இடையே, 2019 ஓகஸ்டில், அமெரிக்கப் பெருங் கம்பனிகளின் தலைவர் 181 பேர் ஓர் அறிக்கையிற் கைச்சாத்திட்டனர். பங்காளர்க்கு மட்டுமன்றி வாடிக்கையாளர், ஊழியர், ஊரவர் அனைவர்க்கும் தாம் கடமைப்பட்டவர் என்றது அது. கையொப்பமிட்டோருள் போயிங்கின் அப்போதைய தலைவரும் ஒருவர். இதனை வெறும் பாசாங்கு என்று தள்ளிவிடவும் மனம் ஒப்பவில்லை. பேர்னிக்கும் தன்னைப் பாசாங்குக்காரன் என்று ஒருபோதும் எண்ணியதில்லை. இந்தியாவின் 2013ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டம் வேறொரு வழியை நாடியது. குறித்த அளவுக்கு மேற்பட்ட கம்பனிகள் தம் நிகர இலாபத்தின் மூன்றாண்டுச் சராசரியில் நூற்றுக்கு இரண்டு வீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிடுமாறு அது பணித்தது. அதனால் எழுந்த பள்ளிகளையும் கிணறுகளையும் குறைத்து மதிப்பிடல் தகாது. ஆயினும் அது இரண்டு வீதம் எங்கே செல்கின்றது என்று கேட்கும் சட்டம். தொண்ணூற்றெட்டு வீதம் எவ்வாறு வந்தது என்று கேட்கும் சட்டமன்று. தையற் கூட்டத்தைச் சட்டமாக்கலாம். கப்பற்பட்டறைக்குள் நுழைவதற்கு வேறு சட்டம் வேண்டும்.

இறுதியாக அவுனேயைப் பற்றிச் சில சொற்கள். 'இந்தியன் கேர்ல்' புறப்பட்டபின் அதனைத் தடுத்து நிறுத்தியவர் யார் என்பதைப் பல வாசகர் மறந்துவிடுகின்றனர். மகனின் தந்தை அல்லன். தாய் சிறுவனைத் தேடிச் சென்றாள், ஆனால் கப்பலை நிறுத்தியவன் அவுனே. அழுகிய பலகையை அடைத்த அதே கை, முதலாளியின் கட்டளை என்று பொய்யாகச் சொல்லித் தன் பொறுப்பிற் கப்பலை மீட்டது. அவனுக்கு அதனால் கிடைக்கக்கூடியது வேலை இழப்பு ஒன்றே. இச்செயலை இப்சன் மேடையிற் காட்டவில்லை. யாரோ வந்து சொல்லும் இரண்டொரு வரிகளாக அது கடந்து செல்கின்றது, பின் மேடை முழுதும் பேர்னிக்கின் பேச்சால் நிறைந்துவிடுகின்றது. நம் கல்லூரியின் நாடகக் கழகத்தார் என்றேனும் இந்நாடகத்தைத் தமிழில் மேடையேற்ற முன்வருவாராயின், தம்மிடமுள்ள தலைசிறந்த நடிகனைக் கொன்சலின் வேடத்துக்கு அனுப்பாமல் அவுனேயாக நிறுத்திப் பார்க்கலாம். பேர்னிக்கின் பாத்திரம் நீண்ட பேச்சுகளாலேயே தன்னைத் தாங்கிக்கொள்ளும். அவுனேக்கு இப்சன் மிகச் சில வரிகளையே கொடுத்திருக்கின்றார்.